அக்கா கேட்ட தடுப்பு

மூன்றாம் வகுப்பில் என் பெயருக்கு எதிரே 'மந்தம்' என்று எழுதிய வாத்தியார் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. நாற்பது வருஷம் ஆகிறது. அவர் கேட்ட கணக்குக்கு விடை எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை. முன்வரிசையில் என் அக்கா. மூத்தவர் இருக்கும்போது இளையவர் முந்திக்கொண்டு வெளியாளுக்குப் பதில் சொல்வது எங்கள் பழங்குடி ஜனத்தில் கிடையாது. அவள் முதலில் வாய் திறக்கட்டும் என்று நின்றேன். வாத்தியாருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அதோடு பள்ளிக்கூடம் போச்சு, தச்சு உளியைப் பிடித்தேன்.

அக்கா விடவில்லை. படித்து, அதே பள்ளிக்கே டீச்சராக வந்தாள். காலையில் எங்கள் பேச்சில் பாடம், மதியத்துக்கு மேல் அரசாங்க மொழியில். பெரியதுகள் முதலில் சொல்லும், பிறகுதான் சின்னதுகள். அவள் காத்திருப்பாள்.

காலைப் பாடம் தேவைதானா என்று பார்க்க ஒருநாள் அதிகாரி வந்தார். சின்னதுகளைப் பார்த்தே கேள்வி கேட்டார். ஒன்றும் அசையவில்லை.

"என்னம்மா, ரெண்டு மொழி சொல்லிக் குடுக்கறீங்க, ஒண்ணுலயும் சத்தம் வரலையே?"

"அதுங்களுக்கு விடை தெரியும் சார். அண்ணன், அக்கா கூட இருக்காங்க, அதான் பேசல."

"அதையா நான் ரிப்போர்ட்ல எழுத முடியும்?" சிரித்தார். ஆனாலும் ஈரமுள்ள மனுஷன். "திங்கக்கிழமை மறுபடி வரேன். அன்னைக்கும் இப்படின்னா காலைப் பாடத்தை நிறுத்தச் சொல்லித்தான் எழுதணும்."

சாயங்காலமே அக்கா என் பட்டறை வாசலில் நின்றாள்.

"டேய், அறைக்கு நடுவுல ஒரு தடுப்பு வேணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"பெரியதுங்கள வெளிய அனுப்பிட்டாப் போச்சு. எதுக்கு என் உசிர வாங்கற?"

"அதுங்களுக்குப் படிப்பு வேணாமா? வாய மூடிட்டு வேலையப் பாரு."

ஒட்டுப்பலகையைச் சட்டத்தில் அடித்து நிறுத்தினேன். திங்கட்கிழமை சின்னதுகள் போட்ட கூச்சலில் அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். நடுவில் அந்தப் பக்கம் யாரோ இரும, இந்தப் பக்கம் ஒன்று பாதி விடையோடு நின்றுவிட்டது.

"எவன்டா அது இருமறது? தண்ணியக் குடி!" என்று அக்கா கத்த, அறையே சிரித்தது. காலைப் பாடம் தொடரலாம் என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து அக்காவைச் சிறுநீரகக் கோளாறு படுக்கையில் தள்ளியது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, நலம் விசாரிக்கக்கூட விடவில்லை.

"தடுப்ப அசையாம அடிச்சு வச்சிட்டே. காலையிலயும் அதுங்க பிரிஞ்சே ஒக்காந்திருக்குதுங்க. கூடப் பொறந்ததுங்க மூஞ்சியப் பாக்காமலே பேசப் பழகிடுச்சுங்க."

"நல்லதுதானேக்கா?"

"மதியத்துக்கு நல்லது. காலையில நம்ம பேச்சு, நம்ம முறை. கீல் போட்டு மடிக்கிற மாதிரி பண்ணு. நாளைக்கு மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சிடு."