மீனுக்கு ஊற்றிய லாரித் தண்ணீர்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். நானே சிரித்தவள்தான். குளியலறைக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில், நான் துணி காயப்போடும் இடத்தில், ஒரு நாள் காலையில் என் கணவர் கடப்பாரையோடு தோண்ட ஆரம்பித்தார். “இன்னாயா, பொதையலு எதுனா கீதா?” என்று கேட்டேன். அந்த நாட்களில் அவரிடமிருந்து எதற்குமே பதில் வராது.

அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை நாளும் பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சோறு வைத்தால் சாப்பிடுவார், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். மணலி புதுநகரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் தினமும் போன் போட்டு, “அப்பா பேசுனாரா?” என்று கேட்பாள். இன்னும் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. அதனால் அவர் மண்வெட்டி எடுத்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். துணியை மாடிக்குக் கொண்டுபோனேன்.

முதலில் குழியில் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் விட்டார், ஒரே வாரத்தில் ஒழுகியது. பிறகு செங்கல் வைத்து சிமெண்டு பூசினார். புது சிமெண்டு மீனுக்கு ஆகாதாம். வாழை மரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து ஒரு மாசம் ஓட்டினார். என் தலைப்பிரசவத்துக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு பத்தியம் பார்த்ததில்லை. வீடு இடித்த இடத்திலிருந்து கருங்கல் கொண்டுவந்து படிபோல அடுக்கி, சின்ன மோட்டார் ஒன்றால் தண்ணீரை மேலே ஏற்றி விழவைத்தார். கடைசியில் கொளத்தூர் மீன் கடையிலிருந்து கோய் என்கிற வண்ண மீன் பதினொன்று வந்தது.

முதலில் மீனோடு பேசினார். அப்புறம் மீனைப் பற்றி என்னோடு பேசினார். “அந்த வெள்ள மீனு இன்னிக்கு சரியா துன்னலமே” என்று ஒரு நாள் சமையல்கட்டுக்கு வந்து சொன்னபோது, கரண்டியை வைத்துவிட்டு மகளுக்குப் போன் போட்டேன்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டியவள் நான். ஆனால் அன்றிலிருந்துதான் பயம் பிடித்தது. ஒரு மனுஷனின் பேச்சு மொத்தமும் பதினொரு மீனை நம்பி இருந்தால் எப்படித் தூங்குவது? காலையில் எழுந்தால் குளத்தின் மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கும். அவர் பழைய கொசுவலைத் துணியால் வழித்து எடுப்பார், நான் பக்கத்தில் நின்று தலைகளை எண்ணுவேன். சமைக்கும்போது காது முழுக்கத் தண்ணீர் விழும் சத்தத்தில்தான் இருக்கும். கரண்டு போய் அது நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி, மீனுக்கு மூச்சு முட்டாமல் இருக்க, செம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவேன். பூனையை நான் விரட்டிய விரட்டில் தெருவே சிரித்தது. ஒரு மீன் செத்தாலும் இவர் திரும்ப நாற்காலிக்குப் போய்விடுவார் என்று நான் நம்பினேன்.

போன கோடையில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் மகள் கூட இருந்தாள். மீனைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். கிளம்பும்போது, “டிரம்முல புடிச்சி வெச்ச போர் தண்ணிய மட்டும் ஊத்து. வேற ஒண்ணியும் பண்ணாத” என்றார்.

மூன்றாம் நாள் டிரம் காலி. வெயிலில் குளம் பாதிக்கு இறங்கி, மோட்டார் காற்றை இழுத்து உறுமியது. போர் மோட்டாரைப் போட்டுப் பிடித்திருக்கலாம். ஆனால் எங்கள் போர் தண்ணீர் மஞ்சளாக இருக்கும், மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். கக்கூஸ் கழுவ மட்டும்தான் அதைப் புழங்குவோம். பிள்ளை மாதிரி வளர்க்கும் மீனுக்கு இதையா ஊற்றுவார் என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு மனக்குறை.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்தது. எங்கள் தெருவில் லாரித் தண்ணீர் வந்தால் முதலில் மோந்துதான் பார்ப்போம். பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தால் நல்ல தண்ணீர். பக்கத்துத் தெருவில் மஞ்சள் காமாலை வந்திருந்ததால் அன்று கண் எரிகிற அளவுக்கு வாசனை. “இன்னிக்கு தண்ணி சூப்பரா கீதுக்கா” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு குடம். கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டையும் குளத்தில் ஊற்றினேன், குடிக்க ஒரு குடம்கூட வைக்காமல். குடிதண்ணீரை மீனுக்கு ஊற்றியது தெரிந்தால் தெருப் பெண்கள் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். ஆனாலும் பெருமையாக இருந்தது.

மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நல்ல தண்ணீரைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்துத் தீனி போட்டேன். ஒன்றும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளை மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. மோட்டார் சுவிட்சுக்கு மேல் அவர் எழுதி வைத்திருந்த கொளத்தூர் கடைக்காரர் நம்பரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

“லாரி தண்ணியா? ஐயோ அக்கா, பிளீச்சிங்கு மீனுக்கு வெசம்! ஒடனே டப்புல போர் தண்ணி புடிச்சி மீன எடுத்து அதுல வுடு. மேலேருந்து ஊத்திக்கினே இரு.”

துணி துவைக்கக்கூட நான் தொடாத மஞ்சள் தண்ணீரில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். ஒன்று வழுக்கித் தரையில் விழுந்தது. நான்கு பிழைத்தன. செத்த ஏழு மீனையும் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். சாயங்காலம் மகள் போன் செய்து, மீன் எப்படி என்று அப்பா கேட்பதாகச் சொன்னாள். “நல்லாதான் கீதுன்னு சொல்லு” என்றேன். மறுநாள் அதே மாதிரி ஏழு மீன் வாங்கிவிடலாம் என்று பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்தேன். பெற்ற பிள்ளையை மாற்றி வைத்தால் அடையாளம் தெரியாதா?

அதற்கடுத்த நாள் ஆட்டோவில் வந்து இறங்கியவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனார். அவர் எண்ணும் முன்பே சொல்லிவிட்டேன். “நான்தான்யா கொன்னுட்டேன். லாரி தண்ணி பன்னெண்டு கொடத்தையும் ஊத்திட்டேன்.”

அவர் குளத்தையும் டப்பில் இருந்த நான்கு மீனையும் பார்த்தார். பிறகு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார், சுவரைப் பார்த்தபடி. காப்பி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன். அது ஆறிப்போனது. “நாலு வார்த்த திட்டுயா” என்று கெஞ்சினேன். எல்லாம் முடிந்தது, நானே முடித்துவிட்டேன் என்று சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தேன்.

சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், “அதுக்கப்பால லாரி வந்துச்சா?” என்றார்.

“இன்னும் வரல.”

“அப்ப ரெண்டு நாளா நீ இன்னாமே குடிக்கிற?”

“பக்கத்து வூட்ல ஒரு சொம்பு, ஒரு சொம்பா வாங்குறேன். இன்னிக்கு வாங்குனதுலதான் ஒனக்குக் காப்பி போட்டேன்” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஆறிய காப்பியில் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை டம்ளரோடு என்னிடம் நீட்டினார்.