அருவிக்கரையில் அரங்கு நிறைந்தது

இன்று காலை தென்காசித் திரையரங்கில், புகழ்பெற்ற இயக்குநர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்தின் முதல் காட்சி.

வாசலில் அவர் பதாகைக்குப் பால் முழுக்காட்டிக்கொண்டிருந்தது ரசிகர் படை. "உள்ளே வரவில்லையா?" என்றேன்.

"ஆவணப்படம்னா பத்திர ஆபீஸ்லல்லா காட்டணும் அண்ணாச்சி? பாட்டு கிடையாது, சண்ட கிடையாது. அருவில தண்ணி நல்லா விழுதாம். குத்தாலம் போறோம்" என்றார் படைத் தலைவர். படையே சிரித்தது.

உள்ளே நானும் சுந்தரபாண்டியபுரத்து உழவர் ஒருவரும் மட்டுமே. அவருடைய சூரியகாந்தி வயலில் அந்த இயக்குநர் படம்பிடித்தபோது உடன் நின்ற அவர் முகமும் இதில் வருகிறதாம். அதைக் காணவே வந்திருந்தார்.

மேலாளர் வந்து கைகூப்பினார். "ரெண்டு பேருக்கு ஓட்ட முடியாது அண்ணாச்சி. படத்த இன்னையோட தூக்குதோம்."

"என் மூஞ்சி வந்ததும் நிப்பாட்டிருங்களேன்" என்றார் உழவர்.

மேலாளர் விளக்கை அணைத்து அரங்கைப் பூட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது கைப்பேசியைத் திறந்தால், அருவிக்கரையிலிருந்து தலைவரின் முழக்கம்: "தென்காசியில் அரங்கு நிறைந்தது! வசூல் வேட்டை தொடர்கிறது!" கீழே படையின் கைத்தட்டல்கள். நாணம் என்பது இவர்களுக்கு அகராதியில் மட்டும் இருக்கும் சொல் போலும்.

நிறைந்த அரங்கில் வீற்றிருந்த பெருமக்களே, உழவரின் முகம் எந்தக் காட்சியில் வந்தது என்று கீழே எழுதுங்கள். அவரிடம் சொல்ல வேண்டும்.