இரும்பும் வழியும்

ஃபின்லாந்துக்காரர் ரயில் பாதையை ‘ரௌத்தாத்தியே’ என்கிறார்கள். ரௌத்தா என்றால் இரும்பு, தியே என்றால் வழி. பக்கத்துச் சுவீடன்காரர் சொல்வதைப் பார்த்துத் தங்கள் மொழியில் செய்துகொண்ட சொல்லாம். அங்கே வளர்ந்த பெரியம்மாவின் மகள் இதைக் கணினியில் முகம் காட்டிச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. பலேர்மோவில் நாங்கள் பேசிய இத்தாலிய மொழியிலும் ‘ஃபெர்ரோவியா’ அதே இரும்பு வழிதான். உலகத்தின் பெரிய இரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் குசினிக்கு ஓடினேன்.

மாமா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. இலங்கையில் வன்னியிலிருந்து தனியாக வந்து எங்களோடு இருந்தார். துறைமுகத்தில் கூப்பிட்டால் மூட்டை தூக்குவார், கூப்பிடாவிட்டால் சமைப்பார்.

“தமிழிலை என்ன மாமா?”

“நாங்களும் இரும்புப் பாதை எண்டுதான் சொல்லுறது. ஆனா எங்கட பாதையில இரும்பு இல்லை, பிள்ளை. கழட்டிப்போட்டம்.”

விழுந்து விழுந்து சிரித்தேன். ஓடிப்போய்க் கணினியில் காத்திருந்த அக்காவிடமும் சொன்னேன், அவளும் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த பெரியம்மா எழுந்து போய்விட்டார்.

அந்த மாரியில் மாமாவுக்கு மிலானில் ஓர் உணவகத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. அது இல்லாவிட்டால் அவருடைய பெர்மெசோவை, இத்தாலியில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்க மாட்டார்கள். அம்மா தான் வேலை செய்த வீட்டுச் சின்யோராவிடம் கெஞ்சி லீவு எடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு அவரை விட்டுவரப் புறப்பட்டார்.

மெசீனாவில், கடலைக் கடக்க, ரயிலையே கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி ஏற்றுவார்கள். உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்தது. தலைக்கு மேலே முழுக்க இரும்பு. “ரௌத்தாத்தியே!” என்று சந்தோஷத்தில் கத்தினேன். மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. ரயில் நின்றதும் இறங்கி, வந்த வழியே வெளியே ஓடினார். நாங்களும் பைகளோடு பின்னால் ஓடினோம்.

“தம்பி, பெர்மெசோ போயிடுமடா! வாடா!” அம்மா கையைப் பிடித்து இழுத்தார்.

“ஏலாது அக்கா.”

கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போனது. வேலையும் போனது, பிறகு பெர்மெசோவும் போனது. இன்றைக்கும் மாமா பலேர்மோவின் பிரான்காச்சோவில் ஒரு பட்டறையில் ஒளித்துத்தான் வேலை செய்கிறார். இவ்வளவு பெரிய மனிதர் கப்பலுக்குப் பயப்படுகிறாரே என்று அன்று எனக்கு ஒரே வெட்கம்.

நான் வளர்ந்த பிறகே அம்மா சொன்னார். எனக்கு ஒரு மாமி இருந்தார் என்பதே அன்றுதான் தெரியும். சண்டைக் காலத்தில் கழற்றிய தண்டவாளங்களை மாமா தன் கையாலேயே இழுத்து வந்து வீட்டுப் பங்கருக்கு, ஷெல்லுக்கு ஒளியும் குழிக்கு, கூரையாக அடுக்கியிருந்தார். ஷெல் விழுந்தபோது மாமியும் அவர்களுடைய பிள்ளையும் உள்ளே இருந்தார்கள். இரும்பு அவர்கள் மேல் இறங்கியது. அந்த இரும்பைத் தூக்க அங்கே மாமா ஒருவர்தான் நின்றார்.