ஓரச் சீட்டு ராஜம்மா

ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனுக்குக் கண் முன்னாடி இருந்தால் போதும், காது மட்டும் முதுகில் இருக்க வேண்டும். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கும் மத்திகிரிக்கும் நடுவில் முப்பது வருஷமாக ஓட்டுகிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சமெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்தவர்கள் பேசிப் பேசிக் கற்றுக்கொடுத்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை போடத் தெரியும். யாராவது ஆறுதல் சொன்னால் எப்படி வாங்கிக்கொள்வது என்று மட்டும் ஒரு பாஷையிலும் தெரியாமல் இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு டோக்கன் நம்பருக்குக் காத்துக் கிடந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். நானும் உங்க பெஞ்சுதான்.

வண்டியை ஓட்டுவது யார்?

என் வீட்டுக்காரி ராஜம்மாவுக்கு இருமல் வந்தது, போகவே இல்லை. மருந்துக்கடை சிரப்பை எல்லாம் குடித்துத் தீர்த்த பிறகு பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்து, நுரையீரலில் கேன்சர் என்றார்கள். ஒரே மகள், ஊத்தங்கரையில் கட்டிக்கொடுத்தாச்சு. ராஜம்மாவைத் தனியாக வீட்டில் விட்டால் அவள் சுவரையே பார்த்துக்கொண்டு உட்காருவாள். நான் ரோட்டைப் பார்க்காமல் ஓட்டுவேன். இரண்டுமே ஆபத்து. அதனால் பின் சீட்டின் இடது ஓரத்தில், காற்று வருகிற இடமாகப் பார்த்து ஒரு தலையணையைப் போட்டு, உடம்பு தாங்குகிற நாளெல்லாம் அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

வண்டி குலுங்கினால் அவளுக்கு விலா வலிக்கும். அதனால் ரோட்டில் எங்கே குழி இருந்தாலும் என் கண்ணுக்கு முன்னால் அவள் கண்ணில் படும். "பள்ளம்!" என்று ஒரு சத்தம் வரும். என் கால் தன்னால் பிரேக்குக்குப் போகும். கம்பெனியில் அசெம்ப்ளி வேலை பார்க்கிற செல்வி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், ரெண்டு நாள் இதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்: "அண்ணாச்சி, வண்டிய நீங்க ஓட்டுதியளா, ஆச்சி ஓட்டுதாவளா? சொல்லிட்டியள்னா எறங்குற எடத்த அவங்ககிட்டயே சொல்லிருவோம்லா."

சட்டைப் பையில் புகை

பீடி குடித்தவன் நான், நோய் வந்தது அவளுக்கு. டாக்டரிடம் கேட்டேவிட்டேன், "என் பீடிதானா சார்?" என்று. பீடியே தொடாதவர்களுக்கும் வரும், எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பக்கத்தில் இருந்து புகை விடுவதும் நல்லது இல்லை என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். ராஜம்மா முழங்கையால் ஒரு இடி இடித்தாள். "யோவ், என்னைக் கொல்ற அளவுக்கு உனக்கு எங்கய்யா சாமர்த்தியம்?"

நான் பீடியை விட்டேன். எங்கள் ஸ்டாண்டுக்காரர்கள் விடவில்லை. ஆனால் என் வண்டி தலை தெரிந்தாலே எல்லாரும் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிடுவார்கள். ஒரு நாள் பசவராஜுக்கு மட்டும் மனசு வரவில்லை. வீட்டில் கன்னடம், ஸ்டாண்டில் தமிழ் பேசுகிறவன், என்னைவிடப் பத்து வயசு சின்னவன். அப்போதுதான் பற்றவைத்த பீடியை நுனி நசுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி "சௌக்கியமா அக்கா?" என்று வந்து நின்றான். பீடி சரியாக அணையவில்லை. ராஜம்மா அவன் மார்பையே பார்த்தாள். "பசவா, என் நெஞ்சுல என்ன இருக்குன்னு தெரிய ஸ்கேன் எடுத்தாங்க. உனக்கு அதுகூட வேணாம்டா, வெளியவே தெரியுது" என்றாள். அவன் பையைத் தட்டிக்கொண்டு குதித்த குதியில் ஸ்டாண்டே சிரித்தது. ஓட்டை விழுந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, என் பெண்டாட்டிகிட்ட மட்டும் இதைக் கொசு கடிச்சுதுன்னு சொல்லிடுங்க."

எல்லை

ஊரையே ஏற்றி இறக்குகிற என்னால், என் பெண்டாட்டியைக் கேன்சர் ஊசி போட ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோக முடியாது. எங்கள் ஆட்டோவுக்குக் கர்நாடகாவுக்குள் பர்மிட் கிடையாது. ஊசி போட்டுக்கொண்டு வருகிற நாளில் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் அவளுக்கு உயிர் போய்விடும். எனக்கு யாரிடமும் உதவி என்று கேட்டுப் பழக்கம் இல்லை. பசவராஜ் என்னைக் கேட்கவே இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் அவன் மச்சினன் ஆட்டோ ஓட்டுகிறான். அவனை அத்திப்பள்ளியில் நிறுத்திவைத்துவிட்டான். எல்லை வரைக்கும் என் வண்டி. அங்கே ராஜம்மாவும் தலையணையும் ஃபைலும் வண்டி மாறும். கல்யாணத்துக்குச் சீர்வரிசை மாற்றுகிற மாதிரி இருக்கும்.

அந்த மச்சினனுக்குத் தமிழ் வராது. ராஜம்மா அவனிடம் கன்னடத்தில் ஒரு வார்த்தை மட்டும் பேசுவாள், அதுவும் பள்ளத்தைப் பார்த்துக் கத்துவதுதான். நாலு தடவை இப்படிப் போய்வந்த பிறகு, எனக்கு மனசு கேட்காமல் பசவராஜிடம், "உனக்கு எதுக்குடா இந்தச் சிரமம்?" என்றேன். அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அந்த நோய் பர்மிட் இல்லாம ரெண்டு ஸ்டேட்லயும் ஓடுதண்ணா. நாம ரெண்டு வண்டி மாறினா என்ன குறைஞ்சுபோச்சு?"

மாமா இறங்கின ஸ்டாப்

நோய் வீட்டுக்கு வந்தால் வைத்தியர்களும் வந்துவிடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா? மத்திகிரியில் ஏறிப் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் ஏழு மருந்து சொல்லுவார்கள். ராஜம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா, ருசியா இருக்குமா?" என்பாள். கீரை விற்கிற தெலுங்குக்காரி நாகம்மா மட்டும் மருந்து என்று சொல்லாமல், தினம் ஒரு கட்டு தூதுவளையை அவள் மடியில் போட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு நாள் வேஷ்டி கட்டிய பெரியவர் ஒருவர் ஏறினார். விவரம் கேட்டார். பெருமூச்சு விட்டார். தன் மாமாவுக்கும் இதேதான் என்றும், ராஜா மாதிரி இருந்தவர் மூன்றே மாதத்தில் போய்விட்டார் என்றும் ஆறுதலாகச் சொன்னார். ராஜம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க மாமா நடு ஸ்டாப்ல இறங்கிட்டாரு. நான் கடைசி வரைக்கும் வர்றேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கேன்." பெரியவர் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நாகம்மா கூடையை மடியிலிருந்து கீழே வைத்தாள். "ஏமப்பா, உன் ஸ்டாப் வந்தாலும் இறங்கு, வராட்டியும் இறங்கு."

வானத்தைப் பார்த்த கண்ணாடி

மழை மாதத்தில் ஒரு காலை, காபியை ஆற்றிக்கொண்டு வருவதற்குள் ராஜம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஸ்டாண்டுக்கு வந்தேன். வண்டியில் ஏறுகிறவர்களுக்குத் தெரிந்த ஆறுதல் வேறு: ஓரச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. மூன்று பேர் உட்காருகிற இடத்தில் நாலு பேர் நெருக்கிக்கொண்டு, தலையணையைத் தொடாமல் வந்தார்கள். தெரியாமல் உட்காரப் போன ஒரு ஆளை நாகம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

முதல் நாள் எனக்கு நெஞ்சு நிறைந்தது. பத்தாம் நாள் தாங்கவில்லை. கண்ணாடியில் பார்க்கிறபோதெல்லாம் அந்தக் காலி இடம்தான் தெரிந்தது. உட்காருங்கள் என்று சொன்னால் ராஜம்மாவைத் துரத்துகிற மாதிரி. அவர்களும் எனக்காகத்தான் நெருக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன். பின்னால் வருவது தெரியாமல் ஒரு கம்பெனி பஸ்ஸில் மோதப் பார்த்தேன். வண்டியை விற்றுவிட்டு ஊத்தங்கரைக்குப் போய் மகள் வீட்டில் உட்கார்ந்துவிடலாம் என்று முடிவு பண்ணி, வாங்க ஆள் பார்க்கும்படி பசவராஜிடம் சொன்னேன். அவன் வண்டியைச் சுற்றி வந்தான், கண்ணாடியைப் பார்த்தான், தொடவில்லை. "கண்ணாடி வானத்தைப் பாக்குதேண்ணா. அக்கா அங்கிருந்து கை காட்டினா நிறுத்தி ஏத்திக்கப் போறியா?"

பள்ளம்

அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஊருக்குப் போயிருந்த செல்வி, ரெண்டு மாதம் கழித்து வந்தாள். வண்டியில் ஏறினாள். நேராகப் போய் ஓரச் சீட்டில், தலையணை மேலேயே உட்கார்ந்து டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டாள். நாகம்மாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கியரைப் போட்டேன். மத்திகிரி மாட்டுப் பண்ணைச் சுவர் ஓரமாகப் போகும்போது கண் கலங்கி, ரோடே தெரியவில்லை.

"பள்ளம்!"

அதே இடத்திலிருந்து வந்த சத்தம். என் கால் தன்னால் பிரேக்குக்குப் போனது. முன்னால் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிற குழி. வண்டி நின்றது. செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "ஆச்சி எங்கிட்ட சொல்லிட்டுல்லா போனாவ, அண்ணாச்சி. 'நான் போன பொறவு இந்த மனுசன் சீட்டக் காலியா வச்சிக்கிட்டு, ரோட்டப் பாக்காம அழுதுக்கிட்டே ஓட்டுவாரு, நீ ஏறி உக்காந்து சத்தம் போடு'ன்னாவ. நாந்தான் ஊருல மாட்டிக்கிட்டேன், வர லேட்டாயிட்டு."

கண்ணாடியை இறக்கினேன். அதில் செல்வி தெரிந்தாள், பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாகம்மா. மறுநாள் காலை முதல் ஆளாக வந்து, கூடையோடு ஓரச் சீட்டில் உட்கார்ந்தவள் நாகம்மாதான். நான் திரும்பிப் பார்த்தேன். "என்ன பாக்கறே? எனக்கும் கண்ணு தெரியும், பள்ளமும் தெரியும், கிளம்பு."

இப்போது அந்தச் சீட்டுக்குத் தினம் அடிபிடி. பள்ளம் இருந்தாலும் கத்துகிறார்கள், இல்லாவிட்டாலும் கத்துகிறார்கள், மனசார ஒரு நிமிஷம் அழலாம் என்றால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள்.