பேச்சியம்மாவின் மொட்டையும் பீலிப் புழுவும்

பேச்சியம்மாவை மொட்டையடித்த அன்று நானும் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். சிவசாமி மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். வரிசை வீடுகளான மேட்டு லயத்தில் பேச்சியம்மாவுக்கு அடுத்த வீடு என்னுடையது. கொழுந்தெடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. முடியிலும் அப்படித்தான், அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம், பிள்ளையும் இல்லை, யாருக்கும் பயமும் இல்லை. விடிந்ததும் மலையூற்றிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடியைத் தட்டிக்கொண்டே வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வருவாள். கோயில் கமிட்டித் தலைவர் சிவசாமியைக்கூட, "என்னா தலைவரே, சாமி தலையில இன்னும் ஒழுகுதாமே, கூரைய எப்ப பாக்குறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவாள். அது அவருக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன், மழை தொடங்கிய மாதத்தில், சிவசாமியின் மனைவி மீனம்மாவுக்கு ஏழு மாதப் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. அதே வாரம் பீலித் தொட்டியில் முடிபோல ஒன்று நெளிந்தது. கறுப்பாக, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. குச்சியால் தூக்கினால் தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டது. தண்ணீரில் விழுந்த தலைமுடிக்கு உயிர் வரும் என்பது எங்கள் லயத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

"இம்புட்டு நீளம் யாரு முடி? வேணும்னே போட்டுருக்கா. அந்தத் தண்ணியக் குடிக்கவச்சு என் புள்ளைய இவதான் தின்னுட்டா," என்றார் சிவசாமி.

கோயில் வாசலில் உட்காரவைத்துச் சிரைத்தார்கள். பரிகாரம் என்று அதற்கு ஒரு பெயர் வேறு. நாலு பெண்கள் அவள் தோளை அமுக்கிப் பிடித்தார்கள். அவள் அழவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். இனி பீலிப் பக்கம் காலே வைக்கக்கூடாது என்று தீர்ப்பும் சொன்னார்கள்.

அடுத்த மாதமும் பீலியில் புழு வந்தது. அவள் தலையிலோ விரற்கடை முடிகூட இல்லை. பழைய முடி எங்காவது சிக்கியிருக்கும் என்றார் சிவசாமி. நாங்களும் ஆமாம் போட்டோம். மண்டைக்குள் ஏதாவது இருந்தால்தானே!

பீலிக்குப் போக முடியாததால் பேச்சியம்மா பள்ளத்து ஓடைக்குக் குடத்தோடு இறங்க வேண்டியிருந்தது. அங்கேதான் அவள் அதைப் பார்த்தாள். கும்பிடுபூச்சி ஒன்று புல்லை விட்டு இறங்கி, தானாகவே நடந்து போய்த் தண்ணீரில் விழுந்தது. அதன் வயிற்று நுனியிலிருந்து கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது.

அதே ஓடையில் வலையோடு பூச்சி பிடித்துக்கொண்டிருந்த கெம்பஸில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கும் பிள்ளை சுதர்ஷினி அவளுக்கு விளக்கம் சொன்னாள். இது குதிரைமுடிப் புழு. உலகத்தில் முந்நூறு வகைக்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். கறுப்பு, தவிட்டு நிறம், வெளுப்பு என்று பல நிறம். சிலதுக்கு வால் இரண்டாகப் பிளந்திருக்கும். தண்ணீரில் முட்டையிடும். குஞ்சுப்புழு முதலில் நீர்ப்பூச்சிகளின் உடம்பில் புகுந்து சுருண்டு கிடக்கும். அந்தப் பூச்சி சிறகு முளைத்துக் கரைக்கு வந்ததும் கும்பிடுபூச்சியோ சுவர்க்கோழியோ அதைத் தின்னும். புழு அதன் வயிற்றுக்குள் வளர்ந்து, முற்றியதும் அதைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போகும்.

"மனுசருக்கு ஒண்ணும் செய்யாதுங்க அக்கா," என்றாள் சுதர்ஷினி.

"செய்யாதுன்னு எழுதிட்டு நீங்க போயிருவீங்க. எனக்கு அது பத்தாது பிள்ள," என்றாள் பேச்சியம்மா.

போன வருஷம் திருவிழாக் கூட்டத்துக்கு லயமே கோயில் வாசலில் கூடியிருந்தது. பேச்சியம்மா ஒரு பேசின் தண்ணீரும் மூடிய போத்தல் ஒன்றும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மொட்டையடித்த அதே இடம். போத்தலில் மூன்று கும்பிடுபூச்சிகள் இருந்தன. முதலாவதைத் தண்ணீரில் விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. சிவசாமி சிரித்தார். இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது பூச்சி தண்ணீரில் கிடந்து துடித்தது. கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றிலிருந்து புழு நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க தலைவரே, இது யாரு முடி?"

"சரி, ஏதோ தெரியாம நடந்துருச்சு. விடு பேச்சி."

"விடமாட்டேன். என் முடிய எறக்குன எடத்துல உங்க முடிய எறக்குங்க."

கமிட்டிக்காரர்கள் பெரிய மனுஷன், வயசு என்று இழுத்தார்கள். சிவசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். அந்த முதுகைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு மீனம்மா வந்தாள். இரண்டு வருஷமாகப் பேச்சியம்மாவைக் கண்டால் காறித் துப்பியவள்.

"அப்ப என் புள்ள ஏன் செத்துச்சுக்கா?" என்றாள்.

பேச்சியம்மா பேசினைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியாது. ஆனா நீ வலியில கெடந்தப்ப நான் கொழுந்து நிறுக்கிற மடுவத்துல சொல்லி லொறிய வரவச்சேன். வாசல்ல நின்னுச்சு. பூசாரி வந்து தண்ணி ஓதட்டும்னு உன் புருசன்தான் திருப்பி அனுப்புனாரு. மறுநாள்தான் உன்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. அன்னைக்கு நான் சொல்லியிருந்தா யாரு நம்பியிருப்பா?"

மீனம்மா நேரே வீட்டுக்குப் போனாள். லயத்து வாசலில் அத்தனை பேருக்கும் முன்னால் சிவசாமியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னைக்கு லொறி வந்துச்சா?"

அவர் தரையைப் பார்த்தார். அவள் இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு தலவாக்கலையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். இன்றுவரை திரும்பவில்லை. சிவசாமி இப்போது தானே சமைத்து, தனியாகச் சாப்பிடுகிறார்.

போன வாரம் கொழுந்து மலையில் வைத்துப் பேச்சியம்மாவிடம் கேட்டேன், கொஞ்சமாவது பாவமாக இல்லையா என்று.

"அவள நெனச்சாப் பாவமாத்தான் இருக்கு," என்றாள் கொழுந்தைக் கிள்ளியபடியே. "அந்தாளுக்கு இன்னும் பத்தாது."