தகரத்துக்குள் வானம்

கருவியின் திரையில் எண் சட்டென்று விழுந்தது. மகள் "ஐயோ!" என்று கத்தினாள். நான் யானை என்றே நினைத்தேன்.

நினைக்கக் காரணம் இருந்தது. முந்தைய வாரம்தான், வெல்லாவெளிப் பக்கத்து அந்த வயல் வட்டையில் அவள் தங்கியிருந்த வாடிக் குடிசையின் சுவரை யானை இடித்துத் தள்ளியது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்குத்தான் பயம் இன்னும் போகவில்லை. அதனால் அன்று விடியலில், யானை வந்தால் தட்டிக் கலைப்பதற்கு ஒரு தகரத் துண்டும் விறகுக் கட்டையும் எடுத்துக்கொண்டு அவளோடு போனேன்.

மகள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். மண் தன்பாட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகளை வெளிவிடுகிறதாம். ஈரம் கூடினால் அவை குறையும். கம்பத்தில் மண்ணைப் பார்த்தபடி சரிவாகக் கட்டிய அவளது கருவி அதை அளக்கும். முகிலுக்கு மேலிருந்து ஒரு செய்மதியும் அதையே அளக்கிறது. அது கடக்கும் அந்தக் காலை வேளையில் கீழேயும் அளந்தால்தான் ஒப்பிடலாம். மறுநாள் வாய்க்கால் திறக்கிறார்கள். காய்ந்த மண்ணுக்கு இதுவே கடைசி வாய்ப்பு.

"மெஷின் பழுதாப் போயித்தும்மா! இன்னும் பத்து நிமிசந்தான் இரிக்கு!"

வயர்களை இழுத்துப் பார்த்தாள். பெட்டியைத் தட்டினாள். பிறகு குனிந்து கீழே பார்த்தாள்.

"இத ஆரு இஞ்ச போட்ட?"

"நாந்தான் புள்ள. கை உளைஞ்சிது, வெச்சன்."

"தகரம் கண்ணாடி மாதிரியம்மா! மண்ண மறைச்சி வானத்தக் காட்டுது. வானம் குளிர், அதான் எண் விழுந்திரிக்கு. தூக்கிட்டு ஓடுங்க!"

கட்டிகளில் இடறி இடறி ஓடினேன். தூர வரம்பில் நின்ற வயற்காரத் தம்பி சிரித்தார். "டீச்சர், யானையக் கலைக்க வந்தீங்களா, மகள்ற படிப்பக் கலைக்க வந்தீங்களா?"

எண் மெல்ல ஏறியது என்பதை மகள் உயர்த்திய கையில்தான் கண்டேன். தகரம் என்னிடம் இருந்தது, அவள் வெறுங்கையோடு நடுவயலில். காட்டோரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தபடி அந்தப் பத்து நிமிடமும் நின்றேன்.

"அம்மா! எடுத்தாச்சி! அருமையா வந்திரிக்கு!"

கட்டையை ஓங்கித் தகரத்தில் அடித்தேன். மீண்டும் அடித்தேன். கொக்குகள் எல்லாம் கிளம்பின. வயற்காரத் தம்பி பதறிப்போய் வரம்பிலிருந்து குதித்தார்.

"எங்க டீச்சர், எங்க யானை?"

"இல்ல தம்பி," என்றேன், நிறுத்தாமல் அடித்துக்கொண்டே. "சும்மா!"