கௌதாரிக்கு கியாரண்டி

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் கவரைப்பேட்டையில் குடியிருந்தோம். என் கணவர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவருக்கும் கூட வேலை பார்த்த இரண்டு நண்பர்களுக்கும் திடீரென்று வேட்டைப் பைத்தியம் பிடித்தது. ஒருவரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. ஆனால் பறவை எங்கே கிடைக்கும் என்று மூவருக்குமே தெரியாது. பள்ளிப்பட்டுப் பக்கம் கூட்டிப்போய்க் காட்ட ஆள் தேடினார்கள்.

இரண்டு பேர் வீட்டுக்கு வந்து பேசினார்கள். முதல் ஆள், "கரட்டுப் பக்கம் இட்டுக்கினு போறேன். கௌதாரி இருந்தா சுடலாம், இல்லாட்டி சும்மா திரும்பிடணும்" என்றார். இரண்டாவது ஆள், "எத்தினி வோணும் சார்? நான் கியாரண்டி! குடும்பத்தையும் இட்டுக்கினு வாங்க, நாஷ்டா, பிரியாணி எல்லாம் நம்ம பொறுப்பு" என்றான்.

"காட்டுல இருக்கிற பறவைக்கு இவன் எப்படிங்க கியாரண்டி குடுக்கிறான்?" என்று கேட்டேன்.

"உனக்கு இன்னா தெரியும்?" என்று என் வாயை அடைத்துவிட்டு, அவனையே பேசி முடித்தார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் போனோம். ஒரு கரம்பு நிலத்தில் மூவரையும் நிற்கவைத்துவிட்டு, அவன் பக்கத்துப் புதருக்குப் பின்னால் போய்க் கை தட்டினான். ஒரு கௌதாரி ஓடிவந்தது. எழும்பப் பார்த்துக் குப்புற விழுந்தது. சுட்டார்கள். அடுத்ததும் அப்படியே விழுந்தது. அதையும் சுட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டா மாற்றும் நேரத்தில் புதருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஈரச் சாக்கு போட்டு மூடிய மூங்கில் கூடை. உள்ளே இன்னும் மூன்று கௌதாரிகள். ஒன்றைக் கையில் எடுத்தேன். இரண்டு பக்கமும் இறக்கையின் நீள இறகுகளைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தான்.

கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் வைத்தேன். "பறக்க முடியாததைச் சுட்டுட்டு, இதுக்குப் பேரு வேட்டையா?"

அந்த ஆள் கொஞ்சமும் கூசவில்லை. "இன்னாம்மா, கியாரண்டின்னா வேற எப்டி குடுக்கறது?" என்றான்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் கணவர், "தெரியும், தெரியும். அன்னிக்கே சொல்லிட்டான். கத்தாதே, போட்டோ எடுத்துக்கினு போயிடலாம்" என்றார்.

தெரியுமாம்! தெரிந்தேதான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

மூன்றையும் அங்கேயே விடலாம் என்றால், பறக்க முடியாததை நாயோ நரியோ தின்றுவிடும். விடக்கூட வழியில்லாமல் செய்திருந்தான் பாவி. கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்தேன். பிரியாணியைத் தொடவில்லை. கூடையைக் கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

மறுநாளே ஒன்று செத்துப்போனது. மற்ற இரண்டையும் கொல்லையில் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குள் வைத்து, கேழ்வரகும் கறையானும் போட்டு வளர்த்தேன். மழைக்காலம் போய் வெயில் ஏறியபோது புது இறகு முளைத்திருந்தது. ஒருநாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினேன். கொஞ்ச தூரம் ஓடி, சட்டென்று எழும்பி வேலியைத் தாண்டிப் போய்விட்டன.

அதற்குள் இவர்கள் மறுபடியும் அதே ஆளோடு போய் வந்திருந்தார்கள். கொண்டுவந்ததை என் அடுப்பில் ஏற்ற நான் விடவில்லை. கணவர் நண்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கறி ருசியாக இருந்தது என்று என்னிடமே வந்து சொன்னார்.